கழிக்கப்பட்ட நூல்களின் கதை

நூற்றாண்டு மலருக்கு எமது நூலகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது உடனே சம்மதித்தேன். உயர்தர வகுப்பில் படித்த இரண்டு ஆண்டுகளும் நான் நூலகக் குழுவில் இருந்தவள். மேல்மாடியின் கடைசி அறை, கடற்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள், மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பிப்போகும் புத்தக அட்டைகள் எல்லாம் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. கல்கிசையில் இருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கி, முதல் மணி அடிக்க முன்னர் நூலகக் கதவைத் திறந்து வைப்பது என் வேலை. எழுதுவதற்கு விடயத்துக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை கல்லூரிக்குப் போய், இப்போது நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியையின் உதவியோடு பழைய சேர்வுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் இலக்கமிட்டு எழுதிவைத்த தடித்த கொப்பிகள் அவை. எமது கல்லூரிச் சஞ்சிகையின் தொடக்ககால இதழ்கள் ஆறு தொகுதிகளாகக் கட்டப்பட்டு நூலகத்தில் இருந்ததற்கு அங்கே பதிவு இருந்தது. நான் தேடி வந்தது அதைத்தான். ஆவலோடு குறிப்புக்கான கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ஆறு வரிகளுக்கும் நேரே சிவப்பு மையில் ஒரே சொல்: 'கழிக்கப்பட்டது'. ஆண்டு 1997. கையெழுத்து என்னுடையது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கணினிகளுக்கு இடம் வேண்டும் என்று இரண்டு அலுமாரிகளைக் காலி செய்தோம். கறையான் அரித்தவை, அட்டை கழன்றவை, பத்து ஆண்டுகளாக ஒருவரும் இரவல் எடுக்காதவை என்று பிரித்தோம். எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம், ஒப்பம் பெற்றோம். பழைய பேப்பர் வாங்குபவர் தராசோடு வந்தார். பதினான்கு சாக்குகள். கிடைத்த பணத்தில் நூலகத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினோம். அது இன்னும் ஓடுகிறது.

அன்று யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் எமது கல்லூரியின் முதல் இருபது ஆண்டுகளின் எழுத்து அந்தச் சாக்குகளில் போய்விட்டது. எங்கே தவறினோம் என்று தேடத் தொடங்கினேன். நூலகத்தின் வரலாறு எழுத வந்தவள், நூல்களைக் கழிப்பதன் வரலாற்றுக்குள் போய் நின்றேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

ஆற்றுக்குப் போன ஏடுகள்

பழைய நூலுக்கு விடை கொடுப்பது எமக்குப் புதிதல்ல. எமது வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை ஏடு அதிக காலம் தாங்காது. பூச்சி துளைக்கும், ஓரம் முறியும், எழுத்து மங்கும். ஆகவே ஏடு பழுதாக முன்னரே அதைப் பார்த்துப் புதிய ஓலையில் படி எழுதுவார்கள். அதன் பின்னர் பழைய ஏட்டைக் குப்பையில் போட மனம் வராது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவார்கள், அல்லது தீயில் இடுவார்கள். படி எடுத்தாகிவிட்டது, இனிப் பழையதை மரியாதையோடு வழியனுப்பலாம் என்பதே அந்த வழக்கத்தின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படி எழுதும் தொழில் தளர்ந்தது. அச்சுப் புத்தகமும் புதிய கல்வியும் வந்தன. ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். படி எடுக்கும் முதற் படிநிலை விட்டுப்போயிற்று. ஆற்றில் விடும் இரண்டாவது மட்டும் நின்றது. உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன கதையை எழுதியிருக்கிறார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. செய்தவர்கள் நூலுக்குப் பகைவர்கள் அல்லர். முறைப்படி செய்தோம் என்ற திருப்தி அவர்களுக்கு இருந்தது. 1997இல் பதிவேட்டை மூடியபோது எனக்கும் அதே திருப்திதான் இருந்தது.

அதே காலத்தில் எமது மண்ணில் பிறந்த ஒருவர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தார். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். தொட்டால் நொறுங்கும் நிலையில் ஏடுகள் தம் கைக்கு வந்ததை அவர் வேதனையோடு பதிந்திருக்கிறார். இன்று உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளை கலித்தொகையைக் கையில் எடுக்கிறாள் என்றால், யாரோ ஒருவர் அதன் ஏட்டை ஆற்றில் விடாமல் வைத்திருந்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வைத்தியர் வீட்டுச் சாட்சியம்

இப்படிச் சொல்வதால் எந்த நூலையும் கழிக்கக் கூடாது என்பது என் வாதம் என்று எண்ண வேண்டாம். நான் வைத்தியர். பழைய நூல் ஆளைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பில் நான் நூலகத்தில் எடுத்து வாசித்த முதலுதவிப் புத்தகம் ஒன்று, பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி, கொண்டிஸ் தூளைத் தேய்த்து, மேலே இறுகக் கட்டும்படி படம் போட்டுச் சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். இன்று அதைச் செய்தால் புண் அழுகும், இரத்தம் நிற்காது, இறுகக் கட்டிய கால் பறிபோகவும் கூடும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளைப் பதற விடாமல், விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே இன்றைய முறை. விஷப் பாம்புக் கடி அடிக்கடி நிகழும் நாடு இது. அப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளைகள் கை எட்டும் இறாக்கையில் வைத்திருப்பது அன்பும் இல்லை, சேமிப்பும் இல்லை. அதை எடுத்தே ஆக வேண்டும். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாவதற்கு முந்திய புவியியல் நூலும், சோவியத் ஒன்றியம் இருக்கும் உலகப் படமும் அப்படித்தான். மாறிப்போன பாடத்திட்டங்களின் வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அதே மருத்துவத் துறையில் இன்னோர் உதாரணமும் உண்டு. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் எமது பையன்களுக்கு மேலை மருத்துவம் படிப்பித்தார். பின்னர் அதைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காகத் தம் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. அதன் பின் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் வந்தன. அதே 1867இல்தான் லிஸ்டர் கிருமிகளைத் தடுத்து அறுவை செய்யும் முறை பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அதாவது, கிறீனின் அறுவை மருத்துவ நூல் அச்சாகி வந்த ஆண்டிலேயே காலாவதியாகத் தொடங்கிவிட்டது. இன்று அதைப் பார்த்து யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள். ஆனால் ஓர் உடலுறுப்புக்கு, ஓர் அமிலத்துக்கு, ஒரு நோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று முதன்முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களின் உழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. யாரோ ஒருவர் பழைய மருத்துவப் புத்தகம்தானே என்று எல்லாப் பிரதிகளையும் நிறுத்து விற்றிருந்தால், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பிக்கப்பட்டது என்பது நாம் பெருமைக்குச் சொல்லும் வெறும் கதையாகிப் போயிருக்கும்.

ஆகவே ஒரு நூலுக்கு இரண்டு உயிர்கள் உண்டு. ஒன்று, வாசகருக்கு இன்று உதவுவது. அது முடிந்துவிட்டால் இரவல் இறாக்கையில் இருந்து எடுக்க வேண்டும். மற்றையது, அந்தக் காலத்துக்குச் சாட்சியாக நிற்பது. அதற்கு எங்காவது ஒரு பிரதி இருந்தால் போதும். எங்குமே இல்லாமல் போவதுதான் பிழை.

எமது உடம்பு இதை நன்றாகவே செய்கிறது. ஒரு செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் ஓடும். கிழடாகியதை மண்ணீரல் பிடித்து உடைக்கும். உடைக்கும்போது அதிலுள்ள இரும்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும், புதிய கலம் செய்வதற்கு. நூலகத்தில் கழிப்பு வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேட்க மறந்த கேள்வி

சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிரி என்பது. வளர்கின்ற எதற்கும் கழிவும் உண்டு. அதை எப்படிச் செய்வது என்று, 1976இல் டெக்சஸ் மாநிலத்தில் ஜோசப் சீகல் சிறிய நூலகங்களுக்காக ஒரு கைநூல் எழுதினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது அதன் வழிவந்த முறைதான். நூல் பிழையான தகவல் தருகிறதா, உருக்குலைந்துவிட்டதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, அந்த நூலகத்தின் வாசகர்களுக்குப் பொருந்தாததா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்கிறது. பிற்காலத்தில் அதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: இந்த நூல் வேறிடத்தில் இலகுவாகக் கிடைக்குமா?

1997இல் நாங்கள் அறியாமலே ஏனைய கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தோம். சஞ்சிகைத் தொகுதிகள் உருக்குலைந்திருந்தன, ஒருவரும் எடுக்கவில்லை, பாடத்துக்கு உதவவில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. பாடநூல் ஆயிரக்கணக்கில் அச்சாகும், எங்காவது கிடைக்கும். கல்லூரிச் சஞ்சிகை ஒரு சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். பரிசளிப்பு விழா அறிக்கை, மன்றக் கூட்டக் குறிப்பு, கையெழுத்துச் சஞ்சிகை ஆகியவற்றுக்கோ இரண்டாம் பிரதியே இருக்காது. பார்வைக்கு மிகவும் எளியதாகத் தெரிவதுதான் பல வேளைகளில் ஈடு செய்ய முடியாதது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர் இதை ஆயுள் முழுவதும் அறிந்து நடந்தார். நூல்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் எறிந்ததை எல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பின்னர் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே வைத்துப் பேண, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. படி எடுத்துவிட்டோம் என்ற துணிவும் ஏமாற்றக்கூடும். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெரிய நூலகங்களே மைக்ரோபிலிம் எடுத்தாயிற்று என்று பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கைகழுவின. பக்கம் விடுபட்ட, வாசிக்க முடியாத சுருள்கள் பின்னர்தான் கண்ணில் பட்டன. நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் பணம் திரட்டி அப்படிப்பட்ட கட்டுகளை வாங்கிக் காப்பாற்றியதோடு, 2001இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

நெருப்பும் தராசும்

தமிழ்ப் பெண்கள் சங்கமொன்றின் மலரில் நூல் இழப்பைப் பற்றி எழுதும்போது யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு நிலையம், ஊரார் கொடுத்த நூலாலும் பணத்தாலும் வளர்ந்து, ரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று, 1959இல் அந்த அழகிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தக் காட்சியைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். இரண்டு ஆண்டுகளில், 1983 யூலையில், வெள்ளவத்தையிலும் சுற்றிலும் எரிந்த வீடுகளோடு எத்தனையோ வீட்டு நூலகங்களும் எரிந்தன. எமது அக்காமார் பலர் அந்த யூலைக்குப் பிறகுதான் நாட்டை விட்டுப் போனார்கள்.

நெருப்பு வைத்தது குற்றம். அதையும் ஒரு பாடசாலை இரண்டு அலுமாரிகளை ஒழித்ததையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. ஆயினும் அந்த நெருப்பு எமக்கு ஒரு கடமையை விட்டுச் சென்றது. எங்கள் சமூகத்தில் ஒரு நூலின் 'மற்றப் பிரதி' எங்காவது இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் வசதி 1981க்குப் பின் எமக்கு இல்லை. அந்த வசதி இருப்பதாக எண்ணித்தான் பதினாறு ஆண்டுகள் கழித்து நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன். எரிந்ததைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். நிறுத்து விற்றதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வெள்ளவத்தையில் வடை வாங்கினால் யாரோ ஒரு பிள்ளையின் கொப்பித்தாளில் சுற்றித் தருவார்கள். எந்த நூலகத்தின் எந்தப் பக்கத்தில் கச்சான் சாப்பிட்டோம் என்று யாருக்குத் தெரியும்?

இனிச் செய்யக்கூடியவை

எமது நூலகத்தில் மீண்டும் இரண்டு அலுமாரிகள் நிரம்பிக் கிடக்கின்றன. இம்முறை கலைக்களஞ்சியத் தொகுதிகளோடு இறுவட்டுகளும் வீடியோ நாடாக்களும் உண்டு. பொறுப்பாசிரியையும் சங்கத்தினரும் சேர்ந்து பேசி ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறோம். வேறு பாடசாலைகளுக்கும் பயன்படலாம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில், எமது கல்லூரியே உண்டாக்கிய எதுவும் கழிப்புப் பட்டியலுக்குள் வராது. சஞ்சிகை, அழைப்பிதழ், நிழற்படம், கூட்டக் குறிப்பு யாவும் தனி அலுமாரிக்குப் போகும். அடுத்து, மற்ற நூல்களில் தமிழில், இலங்கையில் அச்சான பழையவற்றை வேறிடத்தில் உண்டா என்று பார்ப்போம். 1885ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அச்சகத்தார் பிரதிகளை அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் கொழும்பு அரும்பொருட்சாலை நூலகமும் தேசிய சுவடிகள் திணைக்களமும் தேடவேண்டிய முதல் இடங்கள். 1990இல் திறக்கப்பட்ட தேசிய நூலகமும், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பாடசாலை மலர்களையும் சேர்க்கிறது. எங்குமே காணாத நூலை ஸ்கான் செய்து, ஒவ்வொரு பக்கமும் தெளிவாக இருக்கிறதா என்று ஒருவர் சரிபார்த்து, மூலத்தையும் வைத்துக்கொள்வோம்.

மிச்சமானவற்றில் பயன்படக்கூடியதை வேண்டியவர்களுக்குக் கொடுப்போம், கேட்டுவிட்டு. இந்தக் கேட்பது முக்கியம். 2004 சுனாமிக்குப் பின்னர் மருத்துவ மாணவியாக நன்கொடை மருந்துப் பெட்டிகளைப் பிரித்தவள் நான். காலாவதியானவை, பெயர் வாசிக்க முடியாத மொழியில் வந்தவை, யாரோ தங்கள் வீட்டு அலுமாரியை ஒழித்து அனுப்பியவை என்று ஒதுக்கவே நாட்கள் பிடித்தன. எங்களுக்கு வேண்டாத பழைய கலைக்களஞ்சியத்தைத் தோட்டப் பாடசாலைக்கோ வன்னிப் பாடசாலைக்கோ அனுப்பிவிட்டு நன்கொடை என்று படம் எடுப்பதும் அதே வகைதான். எமது பிள்ளைக்கு ஆகாத பிழையான தகவல் அங்குள்ள பிள்ளைக்கும் ஆகாது.

இவற்றுக்குப் பிறகு எஞ்சுவதைக் கல்லூரி முத்திரையின் மேல் கழிப்பு முத்திரை இட்டு, பட்டியலில் காரணத்தையும் எழுதி, காகித மீள்சுழற்சிக்குக் கொடுக்கலாம். அதில் குற்றவுணர்வு தேவையில்லை. வெறும் 'கழிக்கப்பட்டது' என்று எழுதினால் மட்டும் போதாது. ஏன், எங்கே போனது, வேறு பிரதி எங்கே என்று மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு

இந்தத் தேடலில் இதுவரை நான்கு பழைய இதழ்கள் திரும்பக் கிடைத்திருக்கின்றன. ஒன்று ரொறன்ரோவில் ஒரு பழைய மாணவியின் தாயாருடைய சூட்கேசில் இருந்தது. இரண்டு மெல்பேர்ணில் இருந்து வந்தன. நான்காவது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு லாச்சியில், பின் அட்டையில் பால்கணக்கு எழுதிய நிலையில் கிடந்தது. அந்தப் பால்கணக்கு இதழில்தான், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் இரத்மலானையையும் தாக்கிய காலையைப் பற்றி, கல்கிசையில் இருந்து வந்து படித்த ஒரு மாணவி எழுதிய ஒன்றரைப் பக்கக் கட்டுரை இருக்கிறது. தன் தம்பியை மேசையின் கீழ் இருத்தியதையும், பிறகு வகுப்பில் வெறுமையான கதிரைகளை எண்ணியதையும் எழுதியிருக்கிறாள். எமது கல்லூரியைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இது இல்லை. காணாமற்போன மற்ற இதழ்களில் இப்படி யார் யார் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதுதான் என் சிவப்புக் கையெழுத்து என்னை உறுத்துகிறது.

வெள்ளவத்தையில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக மாடிக் குடியிருப்புகளாகின்றன. பெற்றோர் போன பிறகு வீட்டை விற்பதற்காக இரண்டு கிழமை விடுமுறையில் வந்து, சாமான்களை அவசரமாக ஒழிக்கும் நிலை உங்களில் பலருக்கு வந்திருக்கும், அல்லது வரும். லண்டனிலும் சிட்னியிலும் அம்மாவின் அலுமாரியைத் திறக்கும் நாளும் வரும். அப்போது ஒரேயொரு வேண்டுகோள். பழைய பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்ப முன்னர், கல்லூரியின் பெயர் உள்ள எந்தத் தாளையும் தனியே எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

போன மாதம் நான் மீண்டும் அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். ஆறு வரிகளில் நான்காவதற்கு நேரே, என் பழைய எழுத்தின் கீழ், பொறுப்பாசிரியையின் அனுமதியோடு பச்சை மையில் எழுதினேன்: 'இத்தொகுதியின் ஓர் இதழ் மீளக் கிடைத்தது. கொட்டாஞ்சேனை.' ஏனைய வரிகளிலும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

பழைய மாணவி, மருத்துவர்
கல்கிசை